டயருக்குப் பின்னால் மறையும் இலக்கம்: ஜீப்பின் இலக்கத்தகட்டு விளக்கை இடம் மாற்றிக் கட்டுவது எப்படி?

ஜீப்பின் பின்பக்கத்தில் கனத்த இரும்பு பம்பர் ஒன்றை அடித்து, அதில் மேலதிக டயரைச் சுமக்கும் கெரியரையும் பொருத்திக்கொள்வது எங்கள் கரையோரத்தில் பலருக்கு விருப்பமான வேலை. வயலுக்குப் போகிறவர், காட்டோரப் பாதையில் ஓடுகிறவர், பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்பதற்காகச் செய்கிறவர் என்று எல்லா வகையினரும் இருக்கிறார்கள். வெல்டிங் பட்டறைக்காரர் வேலையை ஒழுங்காகவே செய்து கொடுப்பார். ஆனால் 235/75 ஆர்15 அளவு டயரின் விட்டம் ஏறத்தாழ 73 சென்ரிமீற்றர். அவ்வளவு பெரிய வட்டம் பின்னால் ஏறி உட்கார்ந்ததும் முதலில் மறைவது இலக்கத்தகடு.

தகட்டை இடம் மாற்றுவது சுலபம். நாலு ஓட்டை போட்டு, நாலு போல்ட் இறுக்கி, டயரின் நடுவிலோ கெரியரின் கையிலோ பூட்டிவிடுவார்கள். அதற்கு ஒளி கொடுத்த சின்ன விளக்கு மட்டும் பழைய இடத்திலேயே டயருக்குப் பின்னால் யாருக்கும் பயனில்லாமல் எரிந்துகொண்டிருக்கும். பகலில் குறை தெரியாது. மஃரிப் ஆகிவிட்டால் அந்த வாகனத்துக்குப் பின்பக்கம் இலக்கமே இல்லை.

நான் கல்முனைப் பகுதியில் வாகன மின்வேலை செய்கிறவன். பெரியநீலாவணையிலிருந்து அக்கரைப்பற்று வரை, உள்ளே சம்மாந்துறை வரை, பல ஊர் ஜீப்கள் என் கைக்கு வந்து போகின்றன. டயர் கெரியர் பூட்டிய வாகனங்களில் நான் அடிக்கடி காணும் குறைகள் இரண்டு. ஒன்று, இலக்கத்தகட்டுக்கு விளக்கே இல்லை. மற்றது, விளக்கு இருக்கிறது, ஆனால் பூட்டிய சில மாதங்களில் செத்துவிட்டது. இந்த இரண்டாவது குறை ஏன் வருகிறது, வராமல் எப்படிக் கட்டலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டிலேயே செய்யத் தெரிந்தவர்கள் செய்யலாம். கராஜில் கொடுப்பவர்கள் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம்.

யாருக்காக எரியும் விளக்கு?

வாகனத்தில் உள்ள மற்ற விளக்குகள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் ஓட்டுபவருக்கு உதவுகின்றன. முன்விளக்கு பாதையைக் காட்டும். பின்விளக்கும் சிக்னலும் பின்னால் வருகிறவன் வந்து மோதாமல் காக்கும். இலக்கத்தகட்டு விளக்கு அப்படியல்ல. அது எரிந்தாலும் அணைந்தாலும் ஓட்டுபவருக்கு ஒன்றும் ஆகாது. அது வெளியில் நிற்பவருக்காக, வீதியோரம் நடப்பவருக்காக, அடிபட்டு விழுந்தவருக்காக எரிகிற விளக்கு. அதனால்தான் அது செத்தால் பலர் கவனிப்பதில்லை.

எங்கள் மக்களுக்கு இலக்கத்தகடு வெறும் தகரமாக இருந்ததில்லை. 1957இல் வாகன இலக்கங்களில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து கொண்டுவரப்பட்டபோது, அந்த எழுத்தை அழிக்கும் போராட்டம் வடக்கிலும் கிழக்கிலும் எழுந்தது. 1958 வன்முறைக்கு முந்திய மாதங்களின் பதற்றத்தில் அந்த ஓர் எழுத்துக்கும் பங்கு இருந்தது. பின்னர் மாகாணத்தைக் குறிக்கும் எழுத்துகள் வந்தன. ‘ஈபி’ என்று தொடங்கும் தகட்டோடு கொழும்புக்குப் போனால் மறித்து விசாரிப்பார்கள் என்ற அச்சம் யுத்த காலத்தில் எங்களிடம் இருந்தது. இரவில் சோதனைச் சாவடியை நெருங்கும்போது முன்விளக்கைத் தணித்து, உள்விளக்கைப் போட்டு, முகத்தைக் காட்டிக்கொண்டு ஊர்ந்து போன பழக்கம் இன்னும் பலருக்குக் கையில் இருக்கிறது.

ஆகவே “இலக்கம் தெரியாவிட்டால் நல்லதுதானே” என்று சொல்பவர்களை நான் குறைகூற மாட்டேன். அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் அதே காலத்தின் மறுபக்கத்தையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். இலக்கமில்லாத வெள்ளை வான்கள் பற்றிய பேச்சு இந்த நாட்டில் யாருக்கும் புதிதல்ல. 2011இல் வெளியான கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் அறிக்கையிலும் வெள்ளை வான் கடத்தல்கள் பற்றிய முறைப்பாடுகள் இடம்பெற்றன. வீட்டு வாசலில் வந்து ஆளை ஏற்றிப்போன வாகனத்தைப் பற்றி முறையிடப் போனால், எந்த மேசையிலும் எழும் முதல் கேள்வி “வாகன இலக்கம் என்ன?” என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் திரும்பி வந்த குடும்பங்கள் தமிழ் ஊர்களிலும் இருக்கின்றன, முஸ்லிம் ஊர்களிலும் இருக்கின்றன.

இன்று அந்தக் கேள்வி வேறு காரணத்துக்காகக் கேட்கப்படுகிறது. ஏ4 நெடுஞ்சாலை பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை வழியாக மட்டக்களப்புக்குப் போகிறது. எங்கள் பகுதியில் அது நெடுஞ்சாலை மட்டுமல்ல, கடைத்தெருவும் அதுவே. பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் ரியூசனுக்கும் மீன் வாங்கவும் அதன் ஓரத்தில்தான் மனிதர்கள் நடக்கிறார்கள். இருட்டில் ஒரு சைக்கிள்காரரைத் தட்டிவிட்டு ஒரு வாகனம் நிற்காமல் போனால், காப்புறுதியும் வழக்கும் நட்டஈடும் அந்த இலக்கத்தில்தான் தொங்குகின்றன. ஐந்து வாட் விளக்கு ஒன்றுக்கு இவ்வளவு எழுதுவதற்குக் காரணம் இதுதான்.

வயரைத் தொடுமுன்

இந்த நாட்டில் வாகனங்களுக்கான அடிப்படைச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். வாகனத்தின் அமைப்பை மாற்றும் வேலை எதுவானாலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முதலில் விசாரித்துக்கொள்வது புத்தி. கெரியரை அடித்த பிறகு கேட்பதைவிட அடிக்குமுன் கேட்பது செலவு குறைந்தது.

வாகனத்தில் வைத்தே கெரியரை வெல்ட் பண்ணப் போகிறார்கள் என்றால், பெட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். புதிய வாகனங்களில் உள்ள மின்னணுப் பெட்டிகளையும் அல்டர்னேட்டரையும் வெல்டிங் மின்னோட்டம் கெடுத்துவிடும். எரிபொருள் தாங்கி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்த பிறகே துளை போட வேண்டும்.

அடுத்து, வாகனம் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். பெரும்பாலான ஜீப்கள் 12 வோல்ட். ஆனால் பழைய டீசல் ஜீப்கள் சிலவற்றிலும் இராணுவப் பாவனைக்கென்று செய்யப்பட்டவற்றிலும் இரண்டு பெட்டரிகளைத் தொடராகக் கட்டி 24 வோல்ட்டாக வைத்திருப்பார்கள். 24 வோல்ட் வாகனத்தில் 12 வோல்ட் மின்குமிழைப் போட்டால் உடனே எரிந்துபோகும். மாறாகப் போட்டால் செந்நிறத்தில் மினுங்கும், தகடு தெரியாது. மல்டிமீற்றரைப் பெட்டரியில் வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது?

மிகச் சிறந்த இடம் பழைய இலக்கத்தகட்டு விளக்கின் வயர்தான். வாகனத்தைச் செய்தவர்களே இதற்கென்று கொண்டுவந்து விட்ட வயர் அது. பார்க் லைட் போட்டால் மின் வரும், அணைத்தால் நிற்கும். அந்த விளக்கைக் கழற்றி, அதே வயரிலிருந்து புதிய வயரை நீட்டுங்கள். பழைய விளக்கை அப்படியே விட்டுவிட்டுக் கூடுதலாக ஒன்றைக் கட்டுவதில் பயனில்லை. மின் வரும் வயர் நுனி எதையும் திறந்தபடி தொங்க விடவும் கூடாது.

பழைய வயர் அறுந்துபோயிருந்தால் பின்விளக்கிலிருந்து எடுக்கலாம். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பின்விளக்கு மின்குமிழ் பெரும்பாலும் 21/5 வாட் என்று இரட்டை இழை கொண்டது. 5 வாட் இழை பார்க் லைட்டுக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. இடம் மாறி எடுத்தால் பிரேக் மிதிக்கும்போது மட்டும் இலக்கம் தெரியும். வயரின் நிறத்தை நம்பாதீர்கள். ஒவ்வொரு கம்பனிக்கும் ஒவ்வொரு நிறம், அதோடு பழைய வாகனத்தில் எத்தனை கைகள் பட்டிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. சோதனை விளக்கை வைத்துப் பாருங்கள். பார்க் லைட் போட்டதும் எரிய வேண்டும். பிரேக் மிதித்தாலும் சிக்னல் போட்டாலும் அதில் எந்த மாற்றமும் இருக்கக்கூடாது. அதுதான் சரியான வயர்.

எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே 3 அம்பியர் பியூஸ் ஒன்றைத் தனியாகப் போடுங்கள். 12 வோல்ட்டில் 5 வாட் மின்குமிழ் ஒன்று ஏறத்தாழ 0.4 அம்பியர்தான் எடுக்கும். இரண்டு போட்டாலும் ஒரு அம்பியர் வராது. அப்படியானால் பியூஸ் எதற்கு? கெரியர் திறந்து மூடும் இடத்தில் வயர் உரசி இரும்பில் பட்டால், தனிப் பியூஸ் இல்லாத வாகனத்தில் பின்விளக்குகளின் பொதுப் பியூஸ் போய்விடும். அந்த நேரமே பின்விளக்குகள் எல்லாம் அணையும். இரவில், மழையில், லொறி ஒன்று பின்னால் வரும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். தனிப் பியூஸ் இருந்தால் போவது இலக்கத்தகட்டு விளக்கு மட்டும்.

எர்த்: பாதி விளக்குகள் இங்கேதான் சாகின்றன

சம்மாந்துறையிலிருந்து ஜீப் கொண்டுவந்த வயதான காக்கா ஒருவர் நான் இரண்டாவது வயரை இழுப்பதைப் பார்த்துவிட்டு, “என்னத்துக்குத் தம்பி இந்தச் சின்ன லைட்டுக்கு ரெண்டு வயர்? இரும்புலதானே பூட்டியிருக்கு, எர்த் தானா வரும்தானே?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. வாகனத்தின் உடல் முழுவதும் எர்த் என்பதுதான் எல்லோரும் படித்த பாடம்.

ஆனால் கெரியர் உடலோடு ஒட்டியது அல்ல, பிணைச்சலில் தொங்குவது. அந்தப் பிணைச்சலுக்குள் கிறீஸ் இருக்கிறது. வெளியில் பெயின்ற் இருக்கிறது. சிலவற்றில் சத்தம் வராமலிருக்க நைலோன் வளையமும் இருக்கும். இவை எல்லாம் மின்சாரத்தைத் தடுப்பவை. புதிதாகப் பூட்டிய அன்று எங்கோ ஒரு புள்ளியில் இரும்பும் இரும்பும் தொட்டு விளக்கு எரியும். பெயின்ற் காய்ந்து, துருவும் சேர்ந்ததும் மினுங்கத் தொடங்கும். பிறகு குழியில் விழுந்தால் எரியும், நேர் வீதியில் அணையும்.

கெரியரிலேயே பிரேக் விளக்கும் பூட்டி, இரண்டுக்கும் அதே கெட்ட எர்த்தைக் கொடுத்திருந்தால் இன்னொரு வேடிக்கையும் நடக்கும். பிரேக் மிதித்தால் இலக்கத்தகட்டு விளக்கு மங்கும் அல்லது அணையும். மின்சாரம் திரும்பிப் போக வழி கிடைக்காமல் பக்கத்து மின்குமிழின் வழியாக நுழையப் பார்ப்பதால் வரும் குழப்பம் அது. இதைக் கண்டால் மின்குமிழை மாற்றிப் பணத்தை வீணாக்காதீர்கள். எர்த்தைப் பாருங்கள்.

ஆகவே விளக்கிலிருந்து இரண்டாவது வயர் ஒன்றை பிணைச்சலைத் தாண்டிக் கொண்டுவந்து வாகனத்தின் செசியிலோ உடலிலோ கட்ட வேண்டும். கட்டும் இடத்தில் பெயின்றை வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டி, வளைய முனையைப் பல்லுள்ள வொஷரோடு இறுக்கி, மேலே கிறீஸ் பூசிவிடுங்கள். விளக்கு எரியும்போது மல்டிமீற்றரின் ஒரு முனையை விளக்கின் எர்த் பக்கத்திலும் மற்ற முனையைப் பெட்டரியின் நெகடிவிலும் வைத்துப் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் நல்ல எர்த். ஒரு வோல்ட்டைத் தாண்டினால் எங்கோ இணைப்புக் கெட்டிருக்கிறது. இழை மின்குமிழுக்கு வோல்ட் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் நிறையக் குறையும். 12 வோல்ட்டில் ஒன்றரை வோல்ட் போனால் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும்.

விளக்கு மங்கலாக இருந்தால் தடித்த வயர் போட்டால் சரியாகும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 0.75 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர், போக வர 6 மீற்றர், இரண்டு 5 வாட் மின்குமிழ்கள். வயரில் இழக்கும் வோல்ட் ஏறத்தாழ 0.12 மட்டுமே. குற்றவாளி வயரின் தடிப்பல்ல, இணைப்புகளும் எர்த்தும்தான்.

பிணைச்சலைத் தாண்டும் வயர்

வேலையில் மிகக் கவனம் வேண்டிய இடம் இதுதான். கெரியர் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மூடும்போதும் வயர் அசைகிறது. கம்பியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடித்தால் முறிந்துபோகும். வயரும் அப்படித்தான். வெளித்தோல் நன்றாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

வீட்டு வயரிங்குக்கு வாங்கும் கெட்டி வயரைப் போடாதீர்கள். மெல்லிய இழைகள் பல சேர்ந்த, வளையக்கூடிய வாகன வயர் வேண்டும். 0.75 அல்லது 1 சதுர மில்லிமீற்றர் போதும்.

பிணைச்சலின் அச்சுக்கு எவ்வளவு கிட்டக் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு கிட்ட வயரைக் கொண்டுபோங்கள். அச்சுக்கு அருகில் வயர் கொஞ்சம் முறுகும், அவ்வளவுதான். அச்சிலிருந்து தூரத்தில் போனால் இழுபடும் அல்லது நசுங்கும். கெரியரை முழுதாகத் திறந்து வைத்துத்தான் நீளத்தை அளக்க வேண்டும். அளந்ததற்கு மேல் நாலு விரல் அளவு கூட விட்டு, மூடும்போது அது கீழ்நோக்கித் தொங்கும் வளையமாக வருமாறு அமையுங்கள். மழைநீர் அந்த வளையத்தின் அடியில் சொட்டிவிடும், இணைப்பை நோக்கி ஓடாது.

அந்த வளையத்தை நெளிகுழாய்க்குள் போட்டு, இரண்டு பக்கமும் கவ்வி வைத்து இறுக்குங்கள். அசைவு வளையத்தில் மட்டும் இருக்க வேண்டும், கவ்விக்கு அப்பால் வயர் அசையக்கூடாது. கெரியரின் குழாய்க்குள்ளே வயரை விடுவதானால் துளையின் விளிம்பை அரத்தால் மழுக்கி ரப்பர் வளையம் போடுங்கள். குழாயின் கீழ்முனையில் தண்ணீர் வெளியேற ஒரு சிறு துளை இருக்கட்டும். சைலன்சர் குழாய்க்கு ஒரு சாண் தூரமாவது விலகியே வயர் போக வேண்டும்.

பம்பருக்கும் கெரியருக்கும் இடையில் நீர்புகாத இரட்டை முனைச் சொருகி ஒன்றைப் போடுவது நல்ல யோசனை. நாளைக்குக் கெரியரைக் கழற்ற வேண்டி வந்தால் வயரை வெட்டத் தேவையில்லை. கெரியர் மூடும்போது தொட்டுக்கொள்ளும் வில் முனைகளைச் சிலர் வைக்கிறார்கள். வரண்ட ஊர்களில் அது ஓடலாம். கடலோரத்தில் அந்த முனைகள் துருவுக்குத் தப்பாது.

உப்புக் காற்றுக்கு ஏற்ற இணைப்பு

எங்கள் வீடுகளுக்கும் கடலுக்கும் இடையில் பல இடங்களில் ஒரு தெருதான். கச்சான் காலத்தில் புழுதியும் சூடும், வாடைக் காலத்தில் மழையும் உப்பும். இரண்டு வயர்களை முறுக்கி இன்சுலேஷன் ரேப் சுற்றிவிடும் பழக்கம் இங்கே நின்று பிடிக்காது. வெயிலில் ரேப்பின் பசை இளகி வழியும், ரேப் கழன்று வரும். உப்பு ஈரம் செப்பு இழைகளுக்குள் ஊறி உள்ளே ஏறும். தோலை உரித்துப் பார்த்தால் செம்பு பச்சையாகவோ கறுப்பாகவோ இருக்கும். அப்படி இருந்தால் பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டுத்தான் இணைக்க வேண்டும்.

வயரைக் கடித்துப் பிடிக்கும் பிளாஸ்ரிக் கவ்விகளும் வேண்டாம். அவை தோலைக் கிழித்து உப்புக்கு வாசல் திறந்து வைக்கின்றன. உலோகக் குழலில் அழுத்தி இணைத்து, உள்ளே பசையுள்ள, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடுவதே நல்ல முறை. ஈயம் பற்றவைப்பதும் சரிதான், ஆனால் ஈயம் ஊறிய இடத்தில் வயர் விறைத்துப்போகும். ஆகவே ஈயம் வைத்த இணைப்பு பிணைச்சல் அசையும் பகுதியில் வரக்கூடாது. படகுகளுக்கென்று வெள்ளீயம் பூசிய செப்பு வயர் செய்கிறார்கள். கிடைத்தால் அதையே போடுங்கள், உப்பில் அது நீண்ட காலம் நிற்கும். மின்குமிழ் சொருகும் இடத்தில் கொஞ்சம் வஸ்லின் பூசிவிடுங்கள்.

விளக்கு எங்கே, எப்படி?

தகட்டுக்கு மேலிருந்தோ பக்கத்திலிருந்தோ ஒளி தகட்டின் மீது விழ வேண்டும். பின்னால் வருகிறவரின் கண்ணில் மின்குமிழ் நேரடியாகத் தெரியக்கூடாது. பின்பக்கம் வெள்ளை ஒளி தெரிந்தால், வாகனம் ரிவேஸ் வருகிறது என்று நினைப்பார்கள். மேலே மறைப்புத் தகடு உள்ள விளக்கை வாங்கினால் இந்தச் சிக்கல் இல்லை. எங்கள் நாட்டில் பின்தகடு மஞ்சளில் கறுப்பு எழுத்து. வெள்ளை ஒளியில்தான் அது தெளிவாகத் தெரியும். நீலம், பச்சை, ஊதா என்று கடையில் விற்கும் அலங்கார விளக்குகளை இதற்குப் போடாதீர்கள்.

டயரின் நடுவில் தகட்டைப் பூட்டினால், டயரைக் கழற்றும்போது தகடும் விளக்கும் சேர்ந்து கழற வேண்டியிருக்கும். இருட்டில் பஞ்சரான நேரத்தில் அது பெரும் தொல்லை. கெரியரின் கையிலோ பம்பரின் ஒரு பக்கத்திலோ தனித் தாங்கி வைத்தால் டயரைத் தொடும்போது வயரைத் தொடத் தேவையில்லை. எங்கே வைத்தாலும் பின்விளக்கு, பிரேக் விளக்கு, சிக்னல் எதையும் தகடோ டயரோ மறைக்கவில்லை என்று பின்னால் தள்ளி நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்ஈடி விளக்கு போடலாமா என்று கேட்பார்கள். போடலாம். அதிர்வைத் தாங்கும், குறைந்த மின்னே எடுக்கும். ஆனால் பிளஸ் மைனஸ் மாறினால் எரியாது. நீர்புகாதபடி முழுதாக மூடியதாக இருக்க வேண்டும். மின்குமிழ் போனால் டேஷ்போர்டில் எச்சரிக்கை காட்டும் புதிய வாகனங்கள் சிலவற்றில் எல்ஈடியின் குறைந்த மின்னோட்டத்தைப் பார்த்து ‘மின்குமிழ் போய்விட்டது’ என்று காட்டும். அப்போது வழக்கமான 5 வாட் மின்குமிழையே போட்டுவிடுவது இலகு.

சோதித்துப் பார்த்தல்

வேலை முடிந்ததும் கெரியரைப் பத்துத் தடவை முழுதாகத் திறந்து மூடுங்கள். வயர் எங்கும் இழுபடவோ நசுங்கவோ கூடாது. பார்க் லைட்டைப் போட்டுவிட்டு பிரேக்கையும் இரண்டு சிக்னல்களையும் மாறி மாறிப் போடுங்கள், விளக்கின் வெளிச்சம் மாறக்கூடாது. கெரியரைக் கையால் உலுக்குங்கள், மினுங்கக்கூடாது. இணைப்புகளின் மீது தண்ணீர் ஊற்றிவிட்டு மீண்டும் பாருங்கள்.

கடைசிச் சோதனை இரவில். 1968ஆம் ஆண்டின் வியன்னா வீதிப் போக்குவரத்துச் சாசனம் இதற்கு ஓர் அளவு சொல்கிறது. தெளிவான இரவில், நின்றுகொண்டிருக்கும் வாகனத்தின் பின்னிலக்கம் 20 மீற்றர் தூரத்திலிருந்து வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். சாதாரண நடையில் அது ஏறத்தாழ இருபத்தேழு காலடி. வெளிச்சமில்லாத இடத்தில் நிறுத்தி, பார்க் லைட்டை மட்டும் போட்டு, அவ்வளவு தூரம் நடந்து திரும்பிப் பாருங்கள். உங்கள் இலக்கம் உங்களுக்கு மனப்பாடம். ஆகவே அது தெரியாத ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறாமல் வாசித்தால் வேலை முடிந்தது.

உழவு இயந்திரப் பெட்டிக்கும் இதே முறை

ஜீப் இல்லாதவர்களுக்கும் இது பயன்படும். அறுவடைக் காலத்தில் வட்டையிலிருந்து நெல் ஏற்றி வரும் உழவு இயந்திரங்கள் இருட்டிய பிறகும் பிரதான வீதியில் ஏறுகின்றன. முன்னால் இயந்திரத்தில் எல்லா விளக்கும் இருக்கும், பின்னால் இழுபடும் பெட்டியில் ஒன்றும் இருக்காது. அங்கே பிணைச்சலின் இடத்தில் இருப்பது கொக்கி. கொக்கியின் வழியாக எர்த் வரும் என்று நம்பக்கூடாது, தனி எர்த் வயர் வேண்டும். கழற்றிப் பூட்டக்கூடிய சொருகி வேண்டும். இலக்கத்தகட்டு விளக்கோடு இரண்டு பின்விளக்குகளையும் சேர்த்தே கட்டிவிடுங்கள். அந்தப் பெட்டிக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வரும் பிள்ளைகளுக்கு அது உயிர்.

கராஜில் கேட்க வேண்டியவை

நீங்களே செய்யாமல் வேலையைக் கொடுப்பதானால் மூன்று கேள்விகள் போதும். மின்சாரம் எங்கிருந்து வருகிறது, அதற்குத் தனிப் பியூஸ் இருக்கிறதா? எர்த்துக்குத் தனி வயர் செசி வரை போகிறதா? பிணைச்சலைத் தாண்டும் இடத்தில் வயருக்குத் தளர்வும் நெளிகுழாயும் இருக்கின்றனவா? இந்த மூன்றுக்கும் ‘ஆம்’ என்று சொல்லும் மின்வேலைக்காரர் உங்களிடம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் கொடுங்கள். ஒரு முழம் வயரும் ஒரு பியூசும் கூடச் செலவாகும், அவ்வளவுதான்.

பிறகு மாதம் ஒரு முறை, பார்க் லைட்டைப் போட்டுவிட்டு இறங்கிப் பின்னால் போய்ப் பாருங்கள். ஓட்டும் இருக்கையிலிருந்து அந்த விளக்கு தெரியாது.